புதைந்துபோன ஓடையை ஊருக்குத் திரும்பக் காட்டுவது எப்படி: சேலத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் தெருமுனை டீக்கடைக்கு எதிரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் திண்டு இருக்கிறது. காலையில் பேப்பர் படிப்பவர்களும் மாலையில் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் அதில்தான் உட்காருவார்கள். நானும் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அது ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவர் என்று தறிக்காரக் குடும்பத்துப் பாட்டி ஒருவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "அதுக்கு அடியில ஓடை போகுது கண்ணு. நாங்க அங்கதான் நூல் அலசுவோம்" என்றார்.

திண்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். சிமெண்ட் பலகைகள், அவற்றின்மேல் ஒரு தள்ளுவண்டி, அதற்கப்பால் காம்பவுண்டு சுவர். இரண்டு பலகைகளுக்கு நடுவே இருந்த இடுக்கில் காதை வைத்தபோது தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு சத்தம் இருக்கலாம். அதை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் சில வருடமாகச் செய்துவரும் வேலை இது. ஓடை முழுவதையும் இன்னும் திறக்கவில்லை, ஒரு துண்டைத் திறந்திருக்கிறோம். அதற்கே கோலம், கூத்து, பம்பை, வண்டி வேடிக்கை எல்லாம் தேவைப்பட்டது.

முதலில் ஊரின் கிடப்பைப் புரிந்துகொள்ளுங்கள். சேலத்தைச் சுற்றி மலைகள்: வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, வடகிழக்கே சேர்வராயன் மலை. ஊர் ஒரு தட்டு மாதிரி நடுவில் கிடக்கிறது. மலையில் பெய்யும் மழை சின்னச் சின்ன ஓடைகளாக இறங்கி ஏரிகளை நிரப்பும். ஒரு ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது மிச்சத் தண்ணீர் வழிந்தால், அடுத்த ஏரிக்குப் போகும், கடைசியில் திருமணிமுத்தாற்றில் விழும். அந்த ஆறு சேர்வராயன் மலைச் சரிவில் பிறந்து, சுகவனேசுவரர் கோயிலையும் கோட்டை மாரியம்மன் கோயிலையும் ஒட்டி நகருக்குள் ஓடி, ஆட்டையாம்பட்டி பக்கமாக நாமக்கல் மாவட்டத்துக்குள் போய், நன்செய் இடையாறு என்ற ஊரில் காவிரியில் கலக்கிறது. ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் குகைக்குள் போய்க் கும்பிட்டவர்களுக்குத் தெரியும், அங்கே சேர்வராயனோடு காவேரியம்மனும் இருக்கிறாள். மலையையும் காவிரியையும் ஒரே கருவறையில் வைத்துக் கும்பிட்டவர்கள் நம் ஆட்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள வழிதான் இன்று நம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஏன் மனுவோடு நிறுத்தாமல் கலை நிகழ்ச்சி வரை போக வேண்டும்? நாங்கள் இரண்டு வருடம் மனு மட்டும்தான் கொடுத்தோம். ஒன்றும் அசையவில்லை. எங்கள் தெருவிலேயே அதை ஓடை என்று யாரும் சொல்லாததுதான் காரணம் என்று பிறகு புரிந்தது. எல்லோருக்கும் அது சாக்கடை. சாக்கடையை மூடச் சொல்லிக் கேட்க நூறு பேர் வருவார்கள், திறக்கச் சொல்லிக் கேட்க யார் வருவார்? ஆகவே முதல் வேலை அந்தச் சொல்லை மாற்றுவது. அதற்கு நோட்டீஸைவிடக் கோலம் நன்றாக வேலை செய்தது.

காலால் தேடுங்கள்

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு நடங்கள். வெயில் நாளில் ஒருமுறை, நல்ல மழை பெய்து ஒரு மணி நேரத்துக்குள் இன்னொருமுறை. இரண்டாவது நடைதான் முக்கியம். எந்தச் சந்தில் தண்ணீர் முழங்கால் அளவு நிற்கிறது, எந்த வீட்டுக்காரர் வாசலில் மணல்மூட்டை அடுக்குகிறார், எந்த மூடி வழியாகத் தண்ணீர் மேலே பொங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தால் ஓடை பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வெயில் நாளில் வேறு அடையாளங்கள். நேராக வந்த தெரு காரணமில்லாமல் வளையும். இரண்டு வீட்டு காம்பவுண்டுகள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் நடுவில் முக்கோணமாக ஒரு காலி இடத்தை விட்டிருக்கும். சாலை ஓரிடத்தில் மட்டும் லேசாக மேடேறி இறங்கும். அது சிறுபாலம். வரிசையாக நிற்கும் வயதான புங்கமரம், மருதமரம் இருந்தால் கீழே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். தெருப் பெயரில் ஓடை, பள்ளம், மதகு, ஏரிக்கரை என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதை விடாதீர்கள். நம் பக்கத்தில் பள்ளம் என்றாலே ஓடை என்று பொருள் உண்டு என்பதை வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பெரியவர்கள். 70 வயதைத் தாண்டியவர்களிடம் போய் "இங்கே ஓடை இருந்ததா?" என்று கேட்டால் "ஆமா இருந்துச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "எங்கே துணி துவைப்பீங்க? எந்த இடத்துல ஆழம்? ஆடு மாடு எங்கே தண்ணி குடிக்கும்? யார் வீட்டுப் பையன் வெள்ளத்துல போனான்?" என்று கேளுங்கள். அப்போது கை தானாக நீளும், இடத்தைக் காட்டுவார்கள். அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டை மாதிரி தறி ஓடிய பகுதிகளில் நூல் அலசியது, பாவு (தறியில் நீளவாக்கில் போகும் நூல்) தோய்த்தது பற்றிக் கேட்டால் போதும். திண்டைப் பற்றிச் சொன்ன அந்தப் பாட்டி, நூல் அலசிய கல்லின் வடிவத்தைத் தன் உள்ளங்கையில் வரைந்து காட்டினார். ஒரு பக்கம் தேய்ந்து குழிந்திருக்குமாம், ஈர நூல் அந்தக் குழியில்தான் வைக்கச் சௌகரியமாம். பின்னால் மண் எடுத்தபோது அந்தக் கல் கிடைத்தது. குழி அவர் காட்டிய பக்கத்திலேயே இருந்தது.

பேச்சை போனில் பதிவு செய்யுங்கள், சம்மதம் கேட்டுவிட்டு. பின்னால் கூத்துக்காரர்களுக்கும் பாட்டுக் கட்டுபவர்களுக்கும் இதுதான் சரக்கு.

காகிதத்தில் உறுதி செய்யுங்கள்

நினைவு மட்டும் இருந்தால் அலுவலகத்தில் எடுபடாது. ஓடை ஓடும் நிலத்தின் புல எண்ணை (சர்வே எண்) கண்டுபிடியுங்கள். தமிழ்நாடு அரசின் மின்சேவை இணையத்தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேட்டு (நிலத்தின் வகையும் பரப்பும் எழுதிய வருவாய்த்துறைக் கணக்கு) விவரமும் புல வரைபடமும் கிடைக்கும். அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே ஓடை புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. கிராம வரைபடத்தையும் வி.ஏ.ஓ.விடம் கேட்டுப் பாருங்கள். ஓடை அதில் இரட்டைக் கோடாக ஊர்ந்து போவதைப் பார்க்கும்போது ஒரு சந்தோஷம் வரும். நகரப் பகுதியில் டவுன் சர்வே எண் தனியாக இருக்கும், பழைய புல எண்ணோடு பொருத்திப் பார்க்கச் சர்வேயர் உதவி தேவைப்படும்.

கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் கேளுங்கள். மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஸ்டாம்ப்) ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள். "இந்த ஓடையைக் காப்பாற்ற என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது. "இந்தப் புல எண்ணின் வகைப்பாடு என்ன, பரப்பு என்ன, அகலம் எத்தனை மீட்டர், கடைசியாக எந்தத் தேதியில் அளந்தீர்கள்" என்று கேளுங்கள்.

ஓடை யாருடையது என்பதுதான் புதியவர்களைச் சுற்றவிடும் கேள்வி. நிலம் வருவாய்த்துறையின் கணக்கில் இருக்கும். ஆறும் சில ஏரிகளும் நீர்வளத்துறையின் கையில். ஊருக்குள் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. மாநகராட்சியில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலம், உங்கள் வார்டு எதில் வருகிறது என்று பாருங்கள். சிறுபாலம் நெடுஞ்சாலைத்துறையுடையதாக இருக்கலாம். மலையடிவாரம் என்றால் வனத்துறை. ஊராட்சிப் பகுதியில் சின்ன ஏரி ஊராட்சி ஒன்றியத்துடையது. ஒரே ஓடை நான்கு அலுவலகத்தைத் தொட்டுக்கொண்டு போகும், அதனால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். எந்த மீட்டரிலிருந்து எந்த மீட்டர் வரை யாருடையது என்று ஒரு தாளில் எழுதி, எல்லோருக்கும் அதே தாளின் நகலைக் கொடுங்கள். இதைச் செய்த பிறகு எங்களை யாரும் வேறு அலுவலகத்துக்கு அனுப்பவில்லை.

மனுவைத் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மே, ஜூன் வாக்கில் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்குகளையே எடுத்து வைத்துப் பார்க்கும் நேரம் என்பதால் நிலம் சம்பந்தமான மனுவுக்கு அது நல்ல சமயம். ஊராட்சி என்றால் கிராம சபை இருக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், அன்றும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. ஓடைக்காகத் தீர்மானம் கேட்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

ஓடைமேல் வீடு கட்டியிருப்பவர்களிடம் முதலில் பேசுங்கள்

இதை எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். நாங்களும் தள்ளினோம், அது தவறு.

ஓடை புறம்போக்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வேறு இடம் கிடைக்காமல் வந்தவர்கள். உங்கள் கையில் வரைபடத்தைப் பார்த்ததும் அவர்களுக்குத் தெரிவது ஓடை அல்ல, புல்டோசர். நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905-லிருந்து இருக்கிறது, ஏரிகளுக்கென்று 2007-இல் தனிச் சட்டமும் வந்தது. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு போய்ப் பேச்சைத் தொடங்காதீர்கள். எங்கள் முதல் கூட்டத்துக்கு அந்த வரிசை வீடுகளிலிருந்து ஒருவரும் வரவில்லை. இரண்டாவது தடவை நாங்கள் அவர்கள் வாசலுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து கேட்டோம்: மழையில் என்ன ஆகிறது? அப்போதுதான் ஒரு அம்மா, ஒவ்வொரு ஐப்பசியிலும் கட்டிலின்மேல் அரிசி மூட்டையை ஏற்றி வைத்துவிட்டு விடியவிடிய உட்கார்ந்திருப்பதைச் சொன்னார். வெள்ளத்தை முதலில் வாங்குபவர்கள் அவர்கள்தான். மேலே அடைப்பு நீங்கினால் முதலில் பிழைப்பவர்களும் அவர்கள்தான்.

ஆகவே நாங்கள் ஒரு முடிவு எடுத்தோம். வீடுகள் இருக்கும் பகுதியைத் தொடுவதில்லை, அங்கே அடைப்பு எடுப்பது மட்டும். காலியாக இருக்கும் துண்டில்தான் திறப்பு. யாருக்கும் மாற்று வீடு வாங்கித் தருகிறோம் என்று வாக்கும் கொடுக்கவில்லை, ஏனென்றால் அது எங்கள் கையில் இல்லை. இதை வெளிப்படையாகச் சொன்ன பிறகு, கோல நாளில் மாவு கரைக்க முதலில் வந்தவர் அந்த அம்மாதான்.

விழா

எப்போது வைப்பது? ஆடி மாதம் என்றால் கூட்டம் தானாகச் சேரும், ஆனால் அப்போது ஊரே மாரியம்மன் பண்டிகையில் இருக்கும். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் பம்பைக்காரர்களும் கிடைக்கமாட்டார்கள், போலீஸ் அனுமதியும் சிரமம். மார்கழி கோலத்துக்கு நல்லது, தண்ணீரும் ஓடும், பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறையும் வரும். என் சிபாரிசு: கோலத்தை மார்கழிக் கடைசியில் வையுங்கள், கூத்தைத் தை பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை இரவில் வையுங்கள், ஆடி 18-க்குச் சின்னதாக ஒரு படையல். மேட்டூருக்குப் போகிறவர்கள் போகட்டும், போக முடியாத பாட்டிகள் முளைப்பாரியும் காதோலை கருகமணியும் கொண்டுவர உங்கள் திறந்த துண்டு போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள்.

எங்கே வைப்பது? உங்கள் பகுதியில் பாவடி இருந்தால் அங்கே. தறிக்காரர்கள் பாவு நீட்டிய திறந்த வெளிக்குப் பாவடி என்று பெயர். ஊர்ப் பொது இடமாக எல்லோர் மனதிலும் ஏற்கெனவே பதிந்தது அது. இல்லாவிட்டால் ஓடை வெளியே தெரியும் இடத்துக்கு மிக அருகில் இருக்கும் கோயில் திடல்.

சரி, கோலம். எங்கள் ஓடை 180 மீட்டர் தூரம் தெருவோடு போகிறது. அதன் பாதையை முதல் நாள் மாலை செம்மண் கரைத்துக் கோடாகப் போட்டோம். ஓடையின் பழைய அகலம் எவ்வளவோ அவ்வளவு அகலத்துக்கு இரண்டு கோடு. பெரிய வேலையே இதுதான், இதற்குத்தான் புல வரைபடமும் டேப்பும் தேவை. விடியற்காலை நாலரை மணிக்கு ஒவ்வொரு வீட்டுப் பெண்களும் அவரவர் வாசலுக்கு எதிரே அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் நெளிக்கோலம் போட வேண்டும். ஒரே நிபந்தனை: உங்கள் கோலத்தின் கடைசிக் கோடு பக்கத்து வீட்டுக் கோலத்தின் முதல் கோட்டில் சேர வேண்டும். எங்கும் அறுபடக்கூடாது.

இந்த நிபந்தனைதான் உயிர். பேசாமல் இருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் கோட்டைச் சேர்ப்பதற்காகப் பேசினார்கள். ஆறு மணிக்கு வெளிச்சம் வந்தபோது தெருவில் வெள்ளையாக ஒரு ஓடை படுத்துக் கிடந்தது. ஒருவரின் கார் ஷெட்டுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. ஒரு கடையின் படிக்கட்டில் முட்டி நின்றது. கடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவரே உள்ளே போய்க் கோலமாவு எடுத்துவந்து படிமேல் கோட்டை நீட்டினார்.

கோலமாவு விஷயத்தில் நாங்கள் பட்டதை நீங்கள் படக்கூடாது. முதல் வருடம் கடையில் வாங்கிய கலர் பொடி போட்டோம். மதியம் எதிர்பாராமல் மழை. நீலமும் இளஞ்சிவப்பும் கரைந்து சிறுபாலத்து இடுக்கு வழியாக ஓடைக்குள் போய்விட்டது. திருமணிமுத்தாற்றில் சாயக்கழிவு கலப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது, நம் கையாலேயே சாயம் விட்டது எனக்கு இன்றும் மனதை அறுக்கிறது. அன்றிலிருந்து பச்சரிசி மாவு, செம்மண், மஞ்சள்தூள் மட்டும். எறும்பும் குருவியும் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். அதே போல மிதக்கவிடும் விளக்கு என்றால் தெர்மாகோல் வேண்டாம். வாழைமட்டையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மூங்கில் குச்சி குத்தி, நடுவில் அகல் வையுங்கள். கீழ்ப்பக்கம் ஒரு வலை கட்டி எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிடுங்கள்.

கூத்துக்கு வருவோம். சேலம், தர்மபுரி பக்கத்துக் கூத்து விடியவிடிய நடப்பது. அதை ஒரு மணி நேரத்துக்கு வெட்டித் தரச் சொல்லிக் கேட்பது அவர்களை அவமதிப்பது மாதிரி எனக்குப் படும். ஆனால் ஒலிபெருக்கியை இரவு பத்து மணிக்கு நிறுத்த வேண்டும் என்பது சட்டம். ஆகவே மாலை ஆறு மணிக்கே தொடங்கி ஒரு பகுதியை மட்டும் முழுசாக ஆடச் சொல்லுங்கள். கதையை மாற்றச் சொல்லாதீர்கள். கோமாளி இருக்கிறார் அல்லவா, அவருக்குத்தான் ஊர் விஷயம் பேசும் உரிமை உண்டு. நீங்கள் பதிவு செய்த பாட்டிகளின் பேச்சை ஒரு வாரம் முன்பே அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள், எழுதிக் கொடுக்காதீர்கள், போட்டுக் காட்டுங்கள். எங்கள் கூத்தில் கோமாளி மேடையில் ஒரு கல் திண்டில் உட்கார்ந்து, "என்னடா கீழே சத்தம்? யாரோ அழுவுற மாதிரி இருக்கு" என்று தொடங்கினார். டீக்கடைத் திண்டு எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு வந்தது, பிறகு அப்படியே அடங்கியது.

கலைஞர்களை அழைக்க வெற்றிலை பாக்கோடு அவர்கள் ஊருக்குப் போங்கள். பேசிய பணத்தில் பாதியை அன்றே கொடுங்கள், மீதியை ஆட்டம் முடிந்த இரவே கொடுங்கள். உட்கார நாற்காலி, வேடம் கட்ட நல்ல வெளிச்சமுள்ள அறை, பெண் கலைஞர்கள் உடை மாற்றத் தனி இடம், கழிப்பறை இதெல்லாம் மேடையைவிட முக்கியம். பம்பை, தப்பட்டை, கூத்துக்காரர்கள் எல்லோரும் ஊர்க்காரர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும். இதில் ஊரில் யாராவது முகம் சுளித்தால் பந்தியையே நிறுத்திவிடுங்கள். ஓடை எல்லோருக்கும் பொது என்று மேடையில் சொல்லிவிட்டுக் கீழே இலையைப் பிரித்துப் போட முடியாது. யாரைத் தொடர்புகொள்வது என்று தெரியாதவர்கள் சேலத்தில் உள்ள கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

வண்டி வேடிக்கை நம் ஊருக்கே உரியது. குகை மாரியம்மன் பண்டிகையில் சாமி வேடம் கட்டி அலங்கார வண்டிகளில் வருவதைப் பார்க்க அக்கம்பக்கத்து மாவட்டமே திரளும். அதற்குள் போய் உங்கள் ஓடையை நுழைக்கப் பார்க்காதீர்கள், அது நேர்த்திக்கடன். உங்கள் விழாவுக்கென்று சின்னதாக ஒன்று செய்யலாம். நாங்கள் ஒரு டிராக்டர் டிரெய்லரில் சேர்வராயனும் காவேரியம்மனும் அமர்வது போல் செய்து, இருவர் கையிலும் ஒரே நீலக் கைத்தறித் துணியின் இரண்டு முனையைக் கொடுத்தோம். பிள்ளைகள் கெண்டை, நண்டு, தவளை, மீன்கொத்தி வேடத்தில் பின்னால் நடந்தார்கள். நண்டு வேடத்துக்குத்தான் அடிதடி.

அனுமதி பற்றிச் சுருக்கமாக: ஊர்வலத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் காவல் நிலையம், மேடைக்கும் தெருவுக்கும் மாநகராட்சி அல்லது ஊராட்சி, கோயில் இடம் என்றால் கோயில் நிர்வாகம், மின் இணைப்புக்கு மின்வாரியம். மூன்று வாரம் முன்பே எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய நகலை வைத்துக்கொள்ளுங்கள். கட்சிக்கொடி, கட்சிக்காரர் படம் எதுவும் மேடையில் வேண்டாம். வார்டு கவுன்சிலர் யாராக இருந்தாலும் கூப்பிடுங்கள், அடுத்த முறை நிற்கப் போகிறவரையும் கூப்பிடுங்கள், இருவரையும் கீழே முதல் வரிசையில் உட்கார வையுங்கள்.

விழா முடிந்த மறுநாள்

மறுநாள் காலை செய்ய வேண்டியது ஒன்று உண்டு. செம்மண் கோடு அழிவதற்குள் கோட்டின் ஓரமாக நடந்து, எந்த வீட்டுக் கழிவுநீர்க் குழாய் எந்த இடத்தில் ஓடையில் விழுகிறது என்று எண்ணுங்கள். ஏனென்றால் கழிவுநீரை நிறுத்தாமல் ஓடையைத் திறந்தால் கொசுவும் நாற்றமும்தான் வரும். ஒரே மாதத்தில் ஊரே மூடச் சொல்லும், அப்புறம் நீங்கள் இருபது வருடத்துக்கு வாய் திறக்க முடியாது. பாதாளச் சாக்கடை இருக்கும் தெரு என்றால் அந்தக் குழாய்களை அதில் இணைக்க மாநகராட்சியிடம் கேளுங்கள். இல்லாத இடத்தில் வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழியாவது வேண்டும்.

மூடிய வடிகாலுக்குள் யாரையும் இறக்காதீர்கள். ஒருவரைக்கூட, ஒரு நிமிடம்கூட. விஷவாயு கண்ணுக்குத் தெரியாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்திருக்கிறது. அடைப்பு எடுக்க மாநகராட்சியின் இயந்திரம் வரும்வரை காத்திருங்கள். வெளியே குப்பை பொறுக்கும் தன்னார்வலர்களுக்கும் பூட்ஸ், கையுறை கட்டாயம். காலில் புண் இருப்பவர் தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும்.

திறப்பதற்கு ஒரு சின்னத் துண்டைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவில் பெர்க்லி நகரில் 1984-இல் ஸ்ட்ராபெரி கிரீக் என்ற ஓடையைக் குழாய்க்குள்ளிருந்து வெளியே எடுத்தார்கள், கைவிடப்பட்ட ரயில் சரக்கு யார்டில், வெறும் 200 அடி. உலகமே பேசும் ஓடை மீட்பு அப்படிச் சின்னதாகத்தான் தொடங்கியது. தென்கொரியாவின் சியோலில் 2005-இல் மேம்பாலச் சாலையையே இடித்துவிட்டுச் சியோங்கியேசியோன் ஓடையை 5.8 கிலோமீட்டருக்குத் திறந்தார்கள். அழகுதான், ஆனால் அதில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றிவிடுவது. எனக்குப் பெர்க்லி வழிதான் பிடித்திருக்கிறது. நம் ஊரிலேயே பார்க்க வேண்டுமானால் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போங்கள். 2010-இல் சேலம் மக்கள் குழு தொடங்கிய வேலை அது. தூர்வாரிய மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே தீவுகளாக்கி மரம் வைத்தார்கள். இன்று பறவைகள் அடையும் இடம்.

எங்கள் துண்டு 40 அடி. சர்வேயர் அளந்து கல் நட்ட பிறகுதான் ஜே.சி.பி. வந்தது. ஓட்டுநரிடம் நாங்கள் கேட்டுக்கொண்டது: கரையைச் செங்குத்தாக வெட்ட வேண்டாம், பிள்ளை இறங்கி ஏறும் அளவுக்குச் சரிவாக வேண்டும். அடியில் கான்கிரீட் போடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருங்கள். கான்கிரீட் போட்டால் தண்ணீர் பூமிக்குள் இறங்காது, நண்டு தங்காது, புல் முளைக்காது. சரிவில் வெட்டிவேர், ஈரத்தில் கோரையும் கல்வாழையும் வசம்பும், மேட்டில் நொச்சி, புங்கன், நாவல், நீர்மருது. சீமைக் கருவேலத்தை வேரோடு எடுங்கள். மரக்கன்றைப் புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி மழையில் பிழைத்துக்கொள்ளும். சித்திரையில் நட்டுவிட்டுக் குடத்தோடு அலையாதீர்கள்.

காவலுக்கு ஆள் வேண்டும். திறந்த மூன்றாம் நாளே யாரோ கோழிக்கழிவு மூட்டையைப் போட்டுவிட்டுப் போனார்கள். கேமரா வைக்கலாமா என்று பேசினோம். கடைசியில் அந்தச் சரிவின் தலைமாட்டில் வாரத்துக்கு ஒரு வீடு கோலம் போடுவது என்று முறை வைத்தோம். காலையில் கோலமும் விளக்கும் இருக்கும் இடத்தில் மூட்டை போடக் கை வரவில்லை. ஐந்தாவது வாரத்தோடு மூட்டை போடுவது நின்றது.

இன்னும் ஒரு வேலை. டீக்கடைத் திண்டில், ஓடைப்பக்கம் பார்த்த முகத்தில், ஓர் அடிக்கோல் மாதிரி வெள்ளைப் பெயிண்டால் கோடுகள் போட்டு எண் எழுதியிருக்கிறோம். பெரிய மழைக்கு மறுநாள் காலை யார் முதலில் டீ குடிக்க வருகிறாரோ அவர் எட்டிப் பார்த்து, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கடைக்காரர் வைத்திருக்கும் நோட்டில் தேதியோடு எழுத வேண்டும். உங்கள் ஊரிலும் முதல் மழைக்கு முன்பே கோடு போட்டுவிடுங்கள். போன ஐப்பசியில் எங்கள் நோட்டில் இருக்கும் முதல் பதிவு நூல் அலசிய அந்தப் பாட்டியுடையது. மூன்றாம் கோடு என்று எழுதி, பக்கத்தில் "தெளிவா இருக்கு" என்றும் எழுதியிருக்கிறார்.